சிக்னல் சுவிட்ச் பழுது: ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்டியரிங்கின் அருகில் நீண்டிருக்கும் சிக்னல் தண்டு திடீரென்று வேலை செய்யாமல் போனால், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கு முதலில் வரும் சிரமம், அந்த வகைக் காரை ஏற்கெனவே திறந்து பார்த்த ஒருவர் பக்கத்தில் கிடைக்காமைதான். நான் தொழில்முறை மெக்கானிக் அல்லன். கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே, 1991 இல் தயாரான ஒரு யூனோஸ் றோட்ஸ்டரை ஓட்டிக்கொண்டிருப்பவன். என் காரின் சிக்னல் சுவிட்ச்சை இரண்டு முறையும் நண்பர்களின் ஹொண்டா சி.ஆர்.இசட். கார்களில் சில முறையும் கழற்றிப் பூட்டியிருக்கிறேன். அந்த அனுபவத்தை அறிந்து பலர் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு நான் சொல்லிவந்த பதில்களுமே இங்கே உள்ளன.

இந்தப் பதில்கள் எந்தக் கார்களுக்குப் பொருந்தும்?

மஸ்டா நிறுவனம் 1989 பெப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் அறிமுகப்படுத்தி, அதே ஆண்டு ஜப்பானில் யூனோஸ் றோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கத் தொடங்கிய இரு இருக்கைக் காரையும், 2010 இல் வெளிவந்து, ஹைபிரிட் என்ற காரணத்தால் நம் நாட்டில் ஓரளவு பரவலாகக் காணப்படும் ஹொண்டா சி.ஆர்.இசட். காரையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். முதலாவது காரில் மின்குமிழ்களுக்குப் போகும் மின்னோட்டம் முழுவதும் சிக்னல் சுவிட்ச்சின் செப்புத் தொடுமுனைகள் வழியாகவே செல்கிறது. இரண்டாவதில் சுவிட்ச் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செய்தி மட்டுமே கொடுக்கிறது. மின்குமிழை எரிப்பது அந்தப் பெட்டியின் வேலை. 80களிலும் 90களிலும் வந்த பெரும்பாலான ஜப்பானியக் கார்கள் முதல் வகையைச் சேர்ந்தவை. சிக்னல் தண்டு இடது பக்கத்தில் இருக்கும் புதிய ஐரோப்பியக் கார்களில் சுவிட்ச் ஒரு மின்னணுத் தொகுதிக்குள் அடங்கியிருப்பதும், மாற்றியபின் கணினியில் பதிய வேண்டியிருப்பதும் உண்டு. அவற்றை வீட்டு முற்றத்தில் வைத்துத் திறக்கும்படி நான் எவருக்கும் சொல்வதில்லை.

சிக்னல் எரியவில்லை. தண்டுதான் பழுது என்று எப்படி உறுதிசெய்வது?

எதையும் கழற்றுவதற்கு முன் முக்கோண அடையாளமுள்ள ஹசார்ட் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். ஹசார்ட் போட்டால் நான்கு மூலைகளும் ஒழுங்காக மின்னி, தண்டைத் தள்ளும்போது மட்டும் ஒரு பக்கமோ இரு பக்கமுமோ மின்னாமல் இருந்தால், மின்குமிழ்களும் அவற்றின் மின்சாரம் காரின் உடல்வழி திரும்பிப் போகும் ஏர்த் இணைப்புகளும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். சந்தேகம் அப்போது தண்டின் மீதே விழுகிறது. ஹசார்ட்டிலும் அதே மூலை எரியவில்லை என்றால் தண்டைத் தொடாதீர்கள். அந்த மூலையின் மின்குமிழையும் அதன் கூட்டையும் பாருங்கள். எரிகிறது, ஆனால் மின்னாமல் நிலையாக நிற்கிறது என்றால், சிக்னலை விட்டுவிட்டு எரியவைக்கும் பிளாஷர் ரிலேயைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. பழைய ஜப்பானியக் கார்கள் பலவற்றில் சாதாரண சிக்னலுக்கான மின்சாரம் பியூஸிலிருந்து நேராகப் பிளாஷருக்குப் போவதில்லை; ஹசார்ட் பொத்தானின் உள்ளே புகுந்து, அது அமுக்கப்படாத நிலையில் உள்ள தொடுமுனைகளைக் கடந்தே போகிறது. வருடக்கணக்கில் எவரும் தொடாத அந்தப் பொத்தானின் தொடுமுனைகளில் களிம்பு படிந்துவிட்டால், ஹசார்ட் நன்றாக வேலை செய்யும், இரு பக்கச் சிக்னலும் செத்துக் கிடக்கும், பழி தண்டின் மேல் வரும். ஆகவே இரண்டு பக்கமும் ஒன்றாகப் போயிருந்தால், ஹசார்ட் பொத்தானை இருபது முப்பது தரம் அமுக்கி விடுவித்துப் பாருங்கள். அதன்பின் சிக்னல் உயிர்த்தெழுந்தால் நோய் எங்கே என்று தெரிந்துவிடும். ஒரு பக்கம் மட்டுமே போயிருந்தால் இந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

தண்டை மெல்ல மேலும் கீழும் அசைக்கும்போது சிக்னல் வந்து வந்து போவது, அல்லது தண்டைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தால் மட்டும் எரிவது, சுவிட்ச்சின் உட்பழுதுக்கு மிகத் தெளிவான அறிகுறி.

சிக்னல் வழமையைவிட மிக வேகமாக அடிக்கிறது. இதுவும் சுவிட்ச் பழுதா?

இல்லை. நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை வரை மின்னுவதே முறை. ஒரு பக்கத்தில் மட்டும் அதைவிட விரைவாக அடித்தால் அந்தப் பக்கத்தில் ஒரு மின்குமிழ் எரிந்துபோயிருக்கும். காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தால் போதும்.

வலப்பக்கம் போட்டால் மீற்றரில் இரண்டு அம்புக்குறிகளும் மங்கலாக மின்னுகின்றனவே?

அது ஏர்த் பழுது. மின்சாரம் திரும்பிப் போக ஒழுங்கான வழியில்லாமல், மற்ற மின்குமிழ்களின் ஊடாக வழிதேடிப் போகிறது. பின்விளக்குக் கூட்டைக் கழற்றி, கறுப்பு வயர் உடலுடன் இணையும் இடத்தைச் சுரண்டித் துப்புரவாக்குங்கள். கரையோரத்தில் ஓடும் கார்களில் இதைச் சுவிட்ச் பழுது என்று எண்ணி ஏமாந்தவர்கள் பலர்.

ஜப்பானில் முப்பது வருடம் தாங்கும் சுவிட்ச் நம் பகுதியில் மட்டும் ஏன் விரைவில் பழுதாகிறது?

சுவிட்ச்சின் உள்ளே இருப்பது மிக எளிய அமைப்பு. தண்டின் அடிப்பகுதி ஒரு சிறு பிளாஸ்டிக் வண்டியை முன்னும் பின்னும் தள்ளுகிறது. அந்த வண்டியின் அடியில் உள்ள செப்புத் தகடு, கீழே பதிக்கப்பட்ட தொடுமுனைகளின் மேல் வழுக்கிச் சென்று, இடது வயரையோ வலது வயரையோ பிளாஷரோடு இணைக்கிறது. தண்டு மூன்று நிலைகளில் "டக்" என்று நிற்பதற்கு ஒரு சுருள்வில்லும் மிளகளவு உருக்குக் குண்டும் இருக்கின்றன. வழுக்கல் இலகுவாக இருப்பதற்காகத் தொழிற்சாலையிலேயே கிறீஸ் பூசிவிடுகிறார்கள்.

அந்தக் கிறீஸ்தான் இங்கே கெட்டுப்போகிறது. கூரை திறந்த கார் ஒன்று கச்சான் காற்றில் ஒரு பருவம் ஓடினால், கல்லடி, பாசிக்குடா, ஒலுவில், பொத்துவில் என்று கரையோரம் நெடுகிலும் பறக்கும் நுண்மணல் ஸ்டியரிங் உறையின் இடுக்குகளுக்குள் போய்ச் சேர்கிறது. மாரியில் துணிக்கூரையின் ரப்பர் ஓரம் கசிந்தால் ஈரமும் சேர்கிறது. இடையில் உப்புக்காற்று ஓய்வதேயில்லை. பகல் முழுக்க வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்ட் பகுதி கொதிக்க, கிறீஸில் உள்ள எண்ணெய் பிரிந்துபோய், மிச்சமிருப்பது மணலும் செப்புத் துகளும் கலந்த பிசினாகிறது. செப்பின் மேல் பச்சைக் களிம்பு படர்கிறது. வண்டி வழுக்கும்போது இந்தப் பிசினை வாரிக்கொண்டு போய்த் தொடுமுனையின் மேலேயே அப்பிவிடுகிறது.

அம்பாறை நகரம், உகணைப் பக்கம் என்று கடலிலிருந்து விலகி ஓடும் கார்களில் களிம்பு குறைவு; வெயிலும் தூசியும் அங்கேயும் உண்டு.

மல்டிமீற்றர் வைத்திருக்கிறேன். கழற்றாமலே சுவிட்ச்சைச் சோதிக்க முடியுமா?

முடியும், ஆனால் ஓம் அளவை மட்டும் நம்பாதீர்கள். மீற்றர் ஓம் அளக்கும்போது அனுப்பும் மின்னோட்டம் மிகச் சிறியது. களிம்பேறிய தொடுமுனை அந்தச் சிறு ஓட்டத்துக்கு "நன்றாக இருக்கிறேன்" என்று பொய் சொல்லிவிடும். சுமையோடு, அதாவது விளக்கு எரியும்போது, அளப்பதே சரியான முறை.

கணக்கு இப்படி: முன்னால் 21 வாற்று, பின்னால் 21 வாற்று, பக்கத்தில் 5 வாற்று என்று எடுத்தால் ஒரு பக்கத்துக்கு 47 வாற்று. 12 வோல்ற்றில் இது ஏறத்தாழ 3.9 அம்பியர். இந்தப் பாதையில் சுவிட்ச் வெறும் அரை ஓம் தடை கொடுத்தாலும் ஒன்றரை வோல்ற்றுக்கு மேல் சுவிட்ச்சிலேயே விழுந்துவிடும். மின்குமிழ் மங்கும், பழைய வெப்பப் பிளாஷர் என்றால் மின்னும் வேகமும் குறையும். ஆகவே திறப்பை ஓன் நிலையில் வைத்து, சிக்னலைப் போட்டு, சுவிட்ச்சின் பிளக்கிற்குப் பின்புறமாக மெல்லிய ஊசி முனைகளைச் செருகி, பிளாஷரிலிருந்து வரும் வயருக்கும் அந்தப் பக்க மின்குமிழ்களுக்குப் போகும் வயருக்கும் இடையில் வோல்ற் அளவைப் பாருங்கள். விளக்கு எரியும் கணத்தில் பத்தில் ஒன்று இரண்டு வோல்ற் காட்டினால் சுவிட்ச் நலம். அரை வோல்ற்றைத் தாண்டினால் துப்புரவு தேவை. மின்னும்போது எண்கள் தாவுவதால், உயர்ந்த அளவையும் தாழ்ந்த அளவையும் பிடித்துக்காட்டும் வசதியுள்ள மீற்றர் இருந்தால் நல்லது.

சி.ஆர்.இசட். போன்ற காரில் இந்தச் சோதனைக்குப் பொருளில்லை. அங்கே பிளக்கைக் கழற்றி, தண்டைத் தள்ளும்போது தொடர்பு ஏற்படுகிறதா என்று பார்ப்பதே போதும்.

எயார்பேக் உள்ள ஸ்டியரிங்கை நாமே கழற்றலாமா?

இந்தப் பக்கத்தில் மிகவும் கவனமாக வாசிக்க வேண்டிய பதில் இதுதான். எயார்பேக் என்பது மின்பொறியால் வெடிக்கும் ஒரு வேதிப்பொருள் குப்பியைத் தன்னுள் வைத்திருக்கும் பை. அது ஒரு விநாடியின் சிறு பின்னத்தில் விரியக்கூடியது. உங்கள் முகம் ஓர் அடி தூரத்தில் இருக்கும்போது அது விரிந்தால் மூக்கும் பல்லும் மிஞ்சா.

முதலில், உங்கள் காரில் சுவிட்ச்சை எடுப்பதற்கு ஸ்டியரிங்கைக் கழற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். ஹொண்டாவில் தேவையில்லை; அதைக் கீழே சொல்கிறேன். கழற்றத்தான் வேண்டும் என்றால் திறப்பை எடுத்துவிட்டு, பற்றரியின் எதிர்முனையை (மைனஸ்) கழற்றி, அந்த வயர் மறுபடி தொடாதபடி துணியால் சுற்றி ஒதுக்கிவையுங்கள். எயார்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி, பற்றரி போனாலும் சிறிது நேரம் தன்னுள் மின்னைச் சேமித்துவைத்திருக்கும். டொயோட்டா 90 விநாடியும் ஹொண்டா 3 நிமிடமும் காத்திருக்கச் சொல்கின்றன. நான் எந்தக் காராக இருந்தாலும் பத்து நிமிடம் பொறுத்திருக்கிறேன். ஒரு பிளேன்ரீ குடிக்கும் நேரந்தான்.

கழற்றிய எயார்பேக்கை, துணிப்பக்கம் மேலே பார்க்க, தட்டையான இடத்தில் வையுங்கள். கவிழ்த்து வைத்தால் வெடிக்கும்போது அதுவே எறிகணையாகிவிடும். மல்டிமீற்றரின் முனையை அதன் மஞ்சள் பிளக்கின் அருகில்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

அதன் பின்னால் குளொக் ஸ்பிரிங் என்று கடைக்காரர்கள் சொல்லும் வட்டப் பெட்டி இருக்கும். சுருட்டிய நாடா வயர் அதற்குள் உண்டு. முன்சக்கரங்கள் நேராக நிற்கும்போதே ஸ்டியரிங்கைக் கழற்றி, அந்தப் பெட்டி சுழலாதபடி உடனே டேப்பால் ஒட்டிவிடுங்கள். அது கைதவறி இரண்டு சுற்றுச் சுழன்று, அப்படியே பூட்டப்பட்டால், முதல் முறை முழுதாகத் திருப்பும்போது நாடா அறுந்துவிடும். பிறகு மீற்றரில் எயார்பேக் விளக்கு அணையாது, ஹோனும் அடிக்காது. சிக்னல் பழுதுக்குப் போய் அதைவிடப் பெரிய பழுதை வாங்கிவருவது இப்படித்தான்.

இதில் ஏதேனும் ஒரு வரி விளங்கவில்லை என்றால், எயார்பேக் கழற்றும் வேலையை மட்டுமாவது அதைத் தெரிந்த கராஜில் கொடுங்கள்.

யூனோஸ் றோட்ஸ்டரில் சுவிட்ச்சை எப்படி எடுப்பது?

இந்தக் காரின் பற்றரி முன்னால் இல்லை, பின் டிக்கியின் ஓரத்தில் இருக்கிறது. புதிதாக வாங்கியவர்கள் பொனட்டைத் திறந்து தேடுவதைப் பார்த்திருக்கிறேன். எதிர்முனையைக் கழற்றியபின் ஸ்டியரிங் தண்டின் கீழுறையிலுள்ள திருகுகளை எடுத்து இரு உறைகளையும் பிரியுங்கள். பழைய பிளாஸ்டிக் பப்படம்போல் உடையும். காலை வெயில் சற்றுப் பட்டபின் செய்தால் கொஞ்சம் வளைந்துகொடுக்கும்.

தொடக்க காலத்தில் ஜப்பானுக்காகச் செய்யப்பட்ட பல றோட்ஸ்டர்களில் எயார்பேக் கிடையாது. மர ஸ்டியரிங்கோடு வந்த வி ஸ்பெஷல் வகையில், நடுவிலுள்ள ஹோன் பொத்தானை விரல் நகத்தாலோ மெல்லிய பிளாஸ்டிக் தகட்டாலோ கிளப்பினால் வெளியே வந்துவிடும். அதன் ஒற்றை வயரை உருவிவிட்டால் நடுச்சுரை தெரியும். என் காரில் அது 21 மில்லிமீற்றர் சொக்கற்றுக்குப் பொருந்தியது. சுரையை முழுதாகக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்கை இழுக்காதீர்கள். சுரையை நான்கைந்து புரி மட்டும் தளர்த்தி, அப்படியே விட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் மாறிமாறி ஆட்டி இழுங்கள். இறுகியிருந்தது திடீரென்று விடும்போது சுரை தடுத்துக்கொள்ளும், உங்கள் பல் தப்பும். பிறகு ஸ்டியரிங் தண்டிலும் ஸ்டியரிங்கிலும் ஒரே கோடாகப் பெயின்ற் பேனையால் அடையாளம் இட்டுக் கழற்றுங்கள். சுவிட்ச்சைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, பிளக்குகளின் பூட்டை அமுக்கி உருவினால் முழுத் தொகுதியும் கைக்கு வந்துவிடும். பிளக்கைக் கழற்றுவதற்கு முன் கைத்தொலைபேசியில் இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பூட்டும்போது சுரையை அளவான முறுக்குவிசையில் இறுக்க வேண்டும். இந்த அளவிலான ஜப்பானியக் கார்களில் அது பெரும்பாலும் 40 முதல் 50 நியூட்டன் மீற்றர் வரை இருக்கும்.

சி.ஆர்.இசட். காரில்?

வேலை அரை மணி நேரம். ஸ்டியரிங்கைக் கீழே இறக்கி, கீழுறையின் திருகுகளை எடுத்து, உறைகளைப் பிரித்தால், வலப்பக்கச் சுவிட்ச் இரண்டு திருகுகளில் நிற்பது தெரியும். பிளக்கை உருவி, திருகுகளைக் கழற்றிப் பக்கவாட்டில் இழுத்தால் வந்துவிடும். ஸ்டியரிங்கையோ எயார்பேக்கையோ தொட வேண்டியதில்லை. ஆனாலும் 12 வோல்ற் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டே தொடங்குங்கள். பின்னாலுள்ள ஹைபிரிட் பற்றரிக்கும் இந்த வேலைக்கும் தொடர்பில்லை. செம்மஞ்சள் நிற வயர்கள் எதையும் தொடும் தேவையும் வராது.

சுவிட்ச்சைத் திறந்து துப்புரவாக்குவது எப்படி? புதிதாக வாங்குவது மேல் அல்லவா?

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். ஒருநாள் கல்லடிப் பாலத்தைத் தாண்டி வலப்பக்கம் திரும்பச் சிக்னல் போட்டபோது ஒன்றும் எரியவில்லை. பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. நான் கொண்டுபோன கராஜில் முதலில் மின்குமிழ்களை மாற்றினார்கள். பிறகு பிளாஷரை மாற்றினார்கள். மூன்றாம் முறை, "சுவிட்ச் செத்துப் போச்சு, ஜப்பானில இருந்துதான் எடுக்க வேணும்" என்றார்கள். முதல் நாளே ஹசார்ட் பொத்தானை ஒருமுறை அமுக்கிப் பார்த்திருந்தால் மின்குமிழுக்கும் பிளாஷருக்கும் கொடுத்த காசு மிஞ்சியிருக்கும். சுவிட்ச்சை வீட்டுக்கு எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தேன். உள்ளேயிருந்த கிறீஸ் நாள்பட்ட தொதலைப்போல் இறுகிக் கறுத்திருந்தது. அதை வழித்தபோது வலப்பக்கத் தொடுமுனையின் மேல் பாசி நிறத்தில் ஒரு தோல் படிந்திருந்தது. இடப்பக்கத் தொடுமுனை செம்பு மின்ன நன்றாக இருந்தது. அந்தத் தோலை எடுத்ததோடு சிக்னல் வந்துவிட்டது.

ஆகவே, பிளாஸ்டிக் உடையாதவரைக்கும் முதலில் துப்புரவாக்கிப் பாருங்கள் என்பதே என் நிலைப்பாடு. பெரிய ஒளிபுகும் பொலித்தீன் பை ஒன்றுக்குள் கைகளையும் சுவிட்ச்சையும் விட்டுத் திறவுங்கள். நான் சொன்ன உருக்குக் குண்டும் சுருள்வில்லும் மூடியைக் கிளப்பிய கணமே பாய்ந்துவிடும். பைக்குள் பாய்ந்தால் பொறுக்கலாம், அறைக்குள் பாய்ந்தால் தவழ்ந்து தேட வேண்டியதுதான். மூடியின் கொளுக்கிகளை ஒவ்வொன்றாக, மெல்லிய தகடு செருகி விடுவிக்க வேண்டும்.

பழைய கிறீஸைப் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்டுத் துடையுங்கள். பெற்றோலும் தின்னரும் வேண்டாம், அவை சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். செப்பின் மேலுள்ள களிம்பைப் பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் அழிறப்பரால் தேய்த்தாலே பெரும்பாலும் போய்விடும். அரத்தாளைப் பயன்படுத்துவதென்றால் மிக நுண்ணியதையே எடுங்கள். முரட்டுத் தாள் போடும் கீறல்களில் அடுத்த களிம்பு குடியேறும். தொடுமுனையில் கரும்புள்ளியும் குழியும் இருந்தால் அது மின்பொறி தின்ற இடம். மேடுகளைச் சமப்படுத்தினால் இன்னும் சில காலம் ஓடும். இறுதியாக, மின் தொடுமுனைகளுக்கென்று விற்கும் கிறீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். சக்கரத் தாங்கிக்குப் போடும் கிறீஸை அப்பாதீர்கள்.

டபிள்யூ.டி.40 அடித்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: சில நாட்கள் வேலை செய்யும். அது பழைய கிறீஸையும் கரைத்து ஓடவிட்டு, தூசி ஒட்டும் ஒரு படலத்தை விட்டுச்செல்வதால், அடுத்த கச்சானுக்குள் மறுபடி அதே இடத்துக்கு வந்துவிடுவீர்கள். திறக்கப் பயமென்றால், மின் தொடுமுனைகளுக்கான துப்புரவு ஸ்பிறேயை இடுக்கில் அடித்து, தண்டை ஐம்பது தரம் மேலும் கீழும் தள்ளுங்கள். அது அரை வைத்தியமாவது ஆகும்.

திரும்பி முடித்தபின் சிக்னல் தானாக அணைவதில்லை. சிறிய ஸ்டியரிங் மாற்றியபின்தான் இப்படி. ஏன்?

சிக்னலை அணைப்பது மின்சாரமல்ல. ஸ்டியரிங்கின் பின்புறம், அல்லது அதனோடு சுழலும் வளையத்தில், இரண்டு சிறு நீட்டல்கள் உண்டு. ஸ்டியரிங் நேர் நிலைக்குத் திரும்பும்போது அவை சுவிட்ச்சின் நைலோன் நாக்கைத் தட்ட, தண்டு நடுநிலைக்கு வருகிறது. ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களுக்குச் சிறிய ஸ்டியரிங் ஆசை இருப்பது இயல்பு. ஆனால் அந்த ஸ்டியரிங்குக்கும் ஸ்டியரிங் தண்டுக்கும் இடையில் பூட்டும் போஸ் என்ற துண்டில் அந்த நீட்டல்கள் இல்லாமலோ, இடம் மாறியோ, சில மில்லிமீற்றர் குட்டையாகவோ இருந்தால் நாக்கைத் தட்ட ஆளில்லை. போஸைக் கழற்றிப் பழைய ஸ்டியரிங்கின் பின்புறத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் அணைகிறது, மறுபக்கத்துக்கு இல்லை என்றால் போஸ் ஸ்டியரிங் தண்டில் ஒரு பல் தள்ளிப் பூட்டப்பட்டிருக்கலாம், அல்லது அந்தப் பக்க நாக்கு உடைந்திருக்கலாம். உடைந்த நாக்குக்கு ஒட்டு வேலை எதுவும் நிலைத்ததை நான் கண்டதில்லை. எயார்பேக்கோடு வந்த காரில் அதை எடுத்துவிட்டுச் சிறிய ஸ்டியரிங் பூட்டுவதை நான் ஆதரிப்பதுமில்லை.

தண்டே முறிந்துவிட்டது. சுப்பர் குளூவால் ஒட்டலாமா?

அடுத்த சந்திவரை தாங்கும். இரு முனைகளிலும் நுண்துளையிட்டு, ஒரு உருக்கு ஊசியை நடுவில் வைத்து, எப்பொக்சியால் ஒட்டினால் மாதக்கணக்கில் தாங்கும். ஆனால் ஹெட்லைற்றுக்கான வயர்கள் தண்டின் உள்ளாலேயே போகும் கார்களில் துளையிடும்போது வயரை அறுத்துவிடுவீர்கள்.

சுவிட்ச்சின் பிளக் உருகிப்போயிருக்கிறது. காரணம் என்ன?

ஹெட்லைற்றின் மின்னோட்டத்தையும் அதே சுவிட்ச்சே சுமக்கும் பழைய கார்களில் இது நடக்கும். இரவில் புணாணைப் பக்கமோ மகா ஓயாப் பக்கமோ ஓடுபவர்கள் யானைக்குப் பயந்து 55, 60 வாற்று மின்குமிழுக்குப் பதிலாக 100 வாற்று போட்டுவிடுகிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் இரண்டு விளக்குக்கும் சேர்த்து 9 அம்பியரளவில் போன ஓட்டம் 16 அம்பியரைத் தாண்டும்போது, ஏற்கெனவே களிம்பேறிய முனை சூடேறிப் பிளாஸ்டிக்கை உருக்குகிறது. அதிக வெளிச்சம் வேண்டுமென்றால், பற்றரியிலிருந்து பியூஸோடு தனி வயர் எடுத்து ரிலே வழியாக ஹெட்லைற்றுக்குக் கொடுங்கள். சுவிட்ச் அப்போது ரிலேயை மட்டும் இயக்கும். சிக்னல் திருத்த வந்தவர்கள் உருகிய முனையைக் கண்டால், சுவிட்ச்சை மாற்றுவதோடு நில்லாமல் பிளக்கையும் மாற்ற வேண்டும். பழைய பிளக்கில் புதுச் சுவிட்ச்சைச் செருகினால் அதுவும் உருகும்.

எல்.ஈ.டி. மின்குமிழ் போட்டபின் சிக்னல் படபடவென்று அடிக்கிறது. சுவிட்ச்சை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். எல்.ஈ.டி. எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால், மின்குமிழ் எரிந்துவிட்டது என்று பிளாஷர் எண்ணிக்கொள்கிறது. பழைய கார்களில் எல்.ஈ.டி.க்கு ஏற்ற மின்னணுப் பிளாஷர் ஒன்றைப் போட்டால் தீர்ந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ள கார்களில் 6 ஓம், 50 வாற்றுத் தடையை மின்குமிழுக்குச் சமாந்தரமாகப் பூட்டுவார்கள். அது கை சுடுமளவு கொதிக்கும், ஆகவே பிளாஸ்டிக்கிலோ வயரிலோ படாமல் இரும்புத் தகட்டில் பூட்ட வேண்டும். மின்சாரத்தை மிச்சம்பிடிக்க எல்.ஈ.டி. போட்டு, பிறகு அதே மின்சாரத்தைத் தடையில் சூடாக்கி வீணாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. சாதாரண மின்குமிழே என் காரில் இருக்கிறது.

மாற்றுச் சுவிட்ச் எங்கே தேடுவது?

கொழும்புப் பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வரும் பழைய உதிரிப்பாகக் கடைகளில் தேடுவதே வழமை. படம் அனுப்பி உறுதிசெய்தால் இரவுப் பஸ்ஸில் பொதியாக மட்டக்களப்புக்கோ கல்முனைக்கோ வந்துவிடும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் உள்ள கார்களையே எல்லோரும் திருத்தித் திருத்தி ஓடியதால் நல்ல பழைய சுவிட்ச்சுகள் அருகிவிட்டன.

காரின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். சுவிட்ச்சில் பொறித்துள்ள இலக்கம், பிளக்கின் முனைகளின் எண்ணிக்கை, பிளக்கின் வடிவம், அணைக்கும் நாக்கு இருக்கும் இடம் ஆகிய நான்கும் தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள். ஒரே நிறுவனத்தின் மலிவான குடும்பக் காரிலும் அதே சுவிட்ச் வந்திருப்பது உண்டு. இலக்கமும் பிளக்கும் ஒத்துவந்தால் தயங்காமல் வாங்கலாம். மூடுபனி விளக்கு உள்ளது, இல்லாதது என்று ஒரே மாதிரிக் காரிலேயே இரண்டு வகை இருப்பதையும் கவனியுங்கள்.

சுவிட்ச் வரும்வரை காரை ஓட்டலாமா?

பகலில், தவிர்க்க முடியாத சிறு பயணத்துக்கு மட்டும், கைச்சைகையோடு. வலப்பக்கம் திரும்ப வலக்கையை நேராக வெளியே நீட்டுவதும், இடப்பக்கம் திரும்ப வெளியே நீட்டிய கையை மணிக்கூட்டுக்கு எதிர்த்திசையில் சுழற்றுவதும், வேகம் குறைக்கும்போது உள்ளங்கை கீழே பார்க்க மேலும் கீழும் அசைப்பதும் நாம் சாரதி அனுமதிப்பத்திரத்துக்குப் படித்தவைதான். கூரை திறந்த காரில் கை நன்றாகவே தெரியும். ஆனால் கையை நீட்டிக்கொண்டு கியர் மாற்றும்போது ஸ்டியரிங்கைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டியிருக்கும். இரவில் கையை எவரும் காணமாட்டார்கள். காத்தான்குடி, கல்முனை போன்ற நெரிசலான கடைத்தெருக்களில் பகலிலும் கவனிக்கமாட்டார்கள். பொலிஸார் மறித்தால், பழுதைத் திருத்தப் போகிறேன் என்பது ஒரு விளக்கமாகுமே தவிர விதிவிலக்காகாது.

எல்லாம் பூட்டிவிட்டேன். சிக்னல் நன்றாக இருக்கிறது. ஆனால் வலப்பக்கம் திருப்பும்போதெல்லாம் ஹோன் தானாக அடிக்கிறது!

ஹோன் பொத்தானின் ஒற்றை வயர் போஸுக்கும் உறைக்கும் இடையில் நசிந்து, தோல் உரிந்து, உலோகத்தில் தொடுகிறது. பற்றரியின் எதிர்முனையைக் கழற்றி, எயார்பேக் உள்ள காரென்றால் பத்து நிமிடம் காத்திருந்து, ஸ்டியரிங்கை மறுபடி எடுத்து, அந்த வயருக்கு டேப் சுற்றி, அதற்கென்று இருக்கும் பள்ளத்துக்குள் படியவைத்துப் பூட்டுங்கள். எனக்கும் முதல் முறை இதேதான் நடந்தது. பக்கத்து வீட்டார் ஒரு பின்னேரம் முழுக்கப் பொறுத்துக்கொண்டார்கள்.